கத்தி விற்கிறவர்களே, எந்த எஃகு என்று கேட்டால் ஏன் இப்படி முழிக்கிறீர்கள்?

ஒரு கத்தி வாங்க வேண்டும். வளைந்த, கனமான, ஓங்கிப் போட்டால் கிளை துண்டாகிற காட்டுக் கத்தி. அதற்கா இவ்வளவு அவஸ்தை?

ஏற்காட்டில் எங்கள் மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அங்கே கூடாரம் போட்டு, விறகு வெட்டி, அடுப்பு மூட்டி ஓரிரு நாள் கிடப்பதுதான் என் பொழுதுபோக்கு. உண்ணிச்செடி புதராக மண்டியிருக்கும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கிலிருந்து காய்ந்த கிளை தொங்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே கத்தி போதும் என்று ஆன்லைனில் தேடினால், வந்து கொட்டுவது முழுக்க குக்ரிதான், நேபாளத்து வளைந்த கத்தி.

குக்ரியைக் குறை சொல்ல மாட்டேன். முன்பக்கம் கனம் கூடி வளைந்திருப்பதால் கை பாதி வேலை செய்தால் போதும், மீதியை அலகே பார்த்துக்கொள்ளும். நேபாளப் பட்டறைகளில் பழுக்கக் காய்ச்சிய அலகின் வாய்ப்பக்கத்தில் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றித் தோய்ச்சல் போடுவார்கள். வாய் கெட்டியாகும், முதுகு இளக்கமாகவே நிற்கும். கட்டையில் ஓங்கிப் போட்டாலும் முறியாததற்கு அதுதான் காரணம். ஆனால் நமக்கு விற்கிறார்களே, அதுவா இது? ஸ்டெயின்லெஸ் தகட்டை வெட்டி, மேலே அலை அலையாகக் கோலம் அச்சடித்து, அடுக்கடுக்காக அடித்த டமாஸ்கஸ் எஃகு என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் விலை!

ஒரு விற்பனையாளரிடம் மூன்றே கேள்வி கேட்டேன். எந்த எஃகு? எடை எவ்வளவு? பிடிக்குள் அலகின் வால் எவ்வளவு தூரம் போகிறது? வந்த பதில்: "பிரீமியம் குவாலிட்டி சார். ஃபுல் ஷார்ப் சார்." திரும்பக் கேட்டால், உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்று கதை விடுகிறார். அட போய்யா! நேபாளத்துக் கிராமத்தில் அதே குக்ரியால்தான் விறகு பிளக்கிறார்கள், காய்கறியும் நறுக்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்த்தால் யாருக்கு விரல் மிஞ்சும்?

அந்த வால் விஷயம் விளையாட்டில்லை. அழகான பிடிக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பியை வெல்டு வைத்து அனுப்புகிறார்கள். ஓங்கி வெட்டும்போது அது விட்டுப்போனால் அரைக் கிலோ அலகு எங்கே பறக்கும்? பக்கத்தில் நிற்பவர் காலுக்கோ கழுத்துக்கோ. இதைச் சொன்னால் "ரேட்டிங் பாருங்க சார்" என்கிறார். ரேட்டிங் போட்டவர்கள் பாதிப்பேர் கத்தியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்!

சரி, ஊரிலேயே வாங்கலாம் என்று சேலத்தில் கடை ஏறினால் அது வேறு ரகம். முதலில் எடுத்துக் காட்டியது கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பளபள அருவாள். "வெட்டுறதுக்குங்க" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எதை வெட்டுறதுக்குங்க?" என்றார். அவரையும் முழுதாகத் திட்ட முடியவில்லை. 2021-ல் ரவுடி வேட்டை நடந்தபோது, அருவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரையெல்லாம் குறித்து வைக்கச் சொல்லிப் போலீஸ் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் உத்தரவு போட்டது. எழுதிக்கொள்ளுங்கள், தாராளமாக. ஆனால் என் ஆதார் நம்பர் வரைக்கும் கேட்கிற கடையில், விற்கிற இரும்பு என்னவென்று ஒரு ஆளுக்கும் தெரியவில்லை.

இதில் இன்னொரு கூத்து. ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் குக்ரியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதக் கணக்கு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதாவது தோட்டத்து ஆள் இடுப்பில் செருகியிருக்கிற கொடுவாளுக்கு விலக்கு கேட்க வழி இருக்கிறது. பத்தரை அங்குல குக்ரியை பைக்கில் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர் செக்போஸ்ட்டில் என்ன சொல்வார்? இதை எந்த விற்பனைப் பக்கமாவது ஒரு வரி சொல்கிறதா? "அட்வென்ச்சர்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடத் தெரிகிறது.

எனக்கு வயிறு எரிவதே இங்கேதான். இது சேலமய்யா! 1830-களில் பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரன் நடத்திய இரும்பாலைக்குத் தாது போனது இந்தச் சீமையிலிருந்து. கஞ்சமலையில் காலை வைத்தால் மிதிபடுவது இரும்புக் கல். சங்ககிரி, நாமக்கல் பக்கமெல்லாம் லாரி. பழைய லாரி ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சமே கிடையாது, அது நல்ல ஸ்பிரிங் எஃகு, குக்ரி அடிக்கிறவர்களும் தேடிப் போவது அதே சரக்கைத்தான். அதை உலையில் வைத்து அடித்துத் தோய்ச்சல் போட்டுத் தர இன்னும் ஆசாரிமார் இருக்கிறார்கள். உண்ணிப்புதருக்கு அவர்கள் அடிக்கிற கொடுவாளின் மூக்கு, அதாவது கொக்கி மாதிரி வளைந்த நுனிதான் சரி. முள்ளுக்குள் கை விடாமல் தண்டைக் கொக்கி போட்டு இழுத்து அப்படியே அறுக்கலாம், குக்ரியால் அது ஆகாது. விறகுக் கட்டையில் வைத்து முதுகில் தட்டிப் பிளப்பதற்குக் குக்ரி தேவலாம், மூக்கு இடிக்காது. இவ்வளவுதான் வித்தியாசம். இந்த நாலு வரியைச் சொல்ல ஒரு வீடியோக்காரனுக்கும் வாய் வரவில்லை. அரை மணி நேரம் உறையின் தையலைக் காட்டுகிறான், அப்புறம் தண்ணீர் பாட்டிலை வெட்டுகிறான். நான் என்ன பாட்டில் வெட்டவா மலைக்குப் போகிறேன்? இன்னொருவன் காப்புக்காட்டில் பச்சை மரத்தை வெட்டிக் காட்டுகிறான். அவனை வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டறையில் போய்ச் சொல்லி அடிக்கலாம் என்றால் நம் ஆட்களே கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆன்லைன் தகட்டுக்கு நாலாயிரம் வாய் பேசாமல் கட்டுகிறவர், ஆசாரியிடம் அம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறார். ஆசாரியும் என்ன செய்வார், கட்டிடக் கம்பியை நசுக்கிக் கொடுக்கிறார். "தம்பி, பட்டைன்னா கூலி ஆகும், யாரும் தரமாட்டேங்கிறாங்க" என்று என்னிடமே சொன்னார். கூலியைத் தருகிறேன், பட்டையிலேயே அடியுங்கள், பூண் போட்டு, வாலைப் பிடியின் அடி வரைக்கும் இறக்குங்கள் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கையில் வந்ததும் வாயில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். வழுக்கினால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. கடித்தால் அவர் உலைக்கே திரும்பப் போகும், அதையும் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். இதே அரத்தை அந்தப் பளபளக் கடைக்குள் எடுத்துப்போனால் உள்ளே விடுவார்களா?