டெனாலியா, மெக்கின்லியா?

அலாஸ்காவில் 6,190 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு, 2015இல் ஒபாமா அரசு டெனாலி என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் அதை மீண்டும் மெக்கின்லி ஆக்கினார். இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. 1975இல் டெனாலி என்ற பெயரைக் கேட்ட அலாஸ்கா ஆளுநரும், அதைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்திய, மெக்கின்லியின் சொந்த மாநிலமான ஒஹையோவின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரே குடியரசுக் கட்சிக்காரர்கள்தாம்.

மெக்கின்லி என்ற பெயர் வந்த விதமே வேடிக்கையானது. 1896இல் அங்கே தங்கம் தேடித் திரிந்த வில்லியம் டிக்கி, வெள்ளி நாணயத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களோடு வாதாடிச் சலித்துப்போய், தங்க நாணய முறையை ஆதரித்த அதிபர் வேட்பாளர் வில்லியம் மெக்கின்லியின் பெயரை மலைக்குச் சூட்டிவிட்டார். அந்த ஒஹையோக்காரர் அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. அங்குள்ள பூர்வகுடிகளான கொயுகான் மக்களுக்கோ அது டெனாலி, அதாவது நெடியது.

ஏறிய கதையிலும் பொய்க்குக் குறைவில்லை. 1906இல் உச்சியைத் தொட்டதாகச் சொன்ன ஃபிரடரிக் குக் காட்டிய புகைப்படம், பல மைல் தள்ளியிருந்த ஒரு சிறு குன்றில் எடுக்கப்பட்டது. 1910இல் சுரங்கத் தொழிலாளர்கள் இருவர் 14 அடி மரக்கம்பத்தைச் சுமந்துபோய் நட்டார்கள். ஆனால் அது சற்றே தாழ்ந்த வட உச்சி.

1913இல் பாதிரியார் ஹட்சன் ஸ்டக் தலைமையில் நால்வர் மல்ட்ரோ பனியாற்றின் வழியே சென்றார்கள். பனியாற்று முகாமில் தீப்பிடித்துக் கூடாரங்களும் சர்க்கரையும் போயின. சறுக்குவண்டியின் மேலுறைகளைத் தைத்துக் கூடாரமாக்கிக்கொண்டார்கள். முந்தைய ஆண்டின் நிலநடுக்கம் மேலேறும் முகட்டைப் பனிக்கட்டிக் குவியலாக நொறுக்கிப் போட்டிருந்ததால், ஏறத்தாழ மூன்று மைல் தூரத்துக்கு மூன்று வாரம் படி வெட்ட வேண்டியிருந்தது. அதைப் பெரும்பாலும் வெட்டியவர்கள் ஹாரி கார்ஸ்டென்ஸும், கொயுகான் தாய்க்குப் பிறந்த இருபது வயது வால்டர் ஹார்ப்பரும். வட உச்சியில் நின்ற அந்த மரக்கம்பத்தை முதலில் கண்டு கூவியவரும் ஹார்ப்பர். ஜூன் 7 அன்று முதன்மை உச்சியில் முதலில் கால் பதித்தவரும் அவரே. மலையின் பெயரைத் தாய்மொழியில் அறிந்தவர்தாம் முதலில் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறார். ஐந்து ஆண்டுகளில் ஒரு கப்பல் விபத்தில் அவர் மாண்டார்.

இறங்கி வந்த ஸ்டக், மறு ஆண்டே தம் நூலில் மலைக்குப் பூர்வகுடிகள் வைத்த பெயரையே மீட்டுத் தருமாறு வேண்டினார். வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு அன்றே புரிந்தது அதிகாரிகளுக்கு எட்ட நூறு ஆண்டு ஆயிற்று. எட்டியதும் பத்தே ஆண்டில் கைவிட்டுப் போயிற்று. அலாஸ்கா சட்டமன்றம் 2025இலும் டெனாலி என்றே இருக்கட்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. 1980இல் பெயர் மாறிய தேசியப் பூங்காவை மட்டும் புதிய ஆணை தொடவில்லை. ஆகவே இன்று அரசாங்க வரைபடத்தில் டெனாலி பூங்காவுக்குள் மெக்கின்லி மலை நிற்கிறது.