கெய்ரோவுக்கு ஒரு நாள் போதுமா?

"பிரமிடைப் பார்த்துவிட்டு மறுநாளே தெற்கிலுள்ள பழங்காலக் கோயில் நகரமான லக்சருக்குக் கிளம்புங்கள், கெய்ரோவில் வெறும் இரைச்சல்தான்" என்று ஒரு பயணக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரைச்சல் உண்மைதான். தஹ்ரீர் சதுக்கத்துப் பக்கம் ரோட்டைக் கடக்க முடியாமல் கால்மணி நேரம் நின்றேன். கடைசியில் காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! ஓடவும் கூடாது, தயங்கி நிற்கவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் வண்டிக்காரர்கள் விலகிப் போகிறார்கள்.

டாக்சிப் பேரம் ஒத்துவராதவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. 1987லேயே வந்துவிட்டது, பெண்களுக்குத் தனிப் பெட்டியும் உண்டு. சாப்பாட்டுக்குக் கோஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, மேலே முறுகலாகப் பொரித்த வெங்காயம். சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. கூடவே தரும் பூண்டு வினிகரை மட்டும் பார்த்து ஊற்றுங்கள், நான் பட்டது போதும்.

கான் அல் கலீலி என்ற பழைய கடைத்தெருவின் நெரிசல் தாங்கவில்லையா, இப்னு தூலூன் மசூதிக்குப் போய்விடுங்கள். 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அந்த அகண்ட முற்றத்தில் உட்கார்ந்தால் ஹாரன் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கும். வாசலில் செருப்புக்கு உறை மாட்டிவிடுபவர் பக்ஷீஷ் (அன்பளிப்புக் காசு) எதிர்பார்ப்பார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.