மெடிக்கல் கோடிங்: எந்தச் சான்றிதழ், எப்போது?

நுண்ணுயிரியல், நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு (மருத்துவக் குறிப்பில் உள்ள நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலைக்கு) வரும் பிள்ளைகளிடம் சில பயிற்சி மையங்கள் 'சான்றிதழோடு வேலை' என்று ஆசை காட்டுகின்றன. எந்தச் சான்றிதழ் என்பதை மட்டும் சொல்வதில்லை. மையம் தன் பெயரில் அச்சடித்துத் தரும் தாள் வேறு. அமெரிக்காவில் கோடிங் செய்பவர்களின் சங்கமான ஏஏபிசி நடத்தும் சிபிசி என்ற அடிப்படைத் தேர்வு வேறு. இரண்டும் ஒன்று என்பதுபோல் பேசிப் பணம் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பணம் பல வீடுகளில் நகையை அடகு வைத்துப் புரட்டியது.

சிபிசி தேர்வில் 4 மணி நேரத்தில் 100 கேள்விகள். தேற 70 சதவீதம் வேண்டும். நோய்களுக்கான ஐசிடி, டாக்டர் செய்யும் சிகிச்சைகளுக்கான சிபிடி, மருந்து, கருவி போன்றவற்றுக்கான எச்சிபிசிஎஸ் ஆகிய குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். அப்படியும் தோற்கிறார்கள். காரணம், எண்ணைத் தேடிப் பிடிப்பதல்ல இந்த வேலை. டாக்டர் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். வெளிநோயாளி என்றால் நிமோனியாவுக்குக் குறியீடு போடக் கூடாது. காய்ச்சல், இருமல் என்ற அறிகுறிகளோடு நிற்க வேண்டும். அதே சொற்கள் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால், நோய் உறுதியானதாகவே கொண்டு குறியீடு தர வேண்டும். இந்த விதிகளும் உடற்கூறியலும் மனத்தில் ஊறாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் மையங்கள் சொல்வதில்லை. அனுபவம் இல்லாமல் தேறினால் கிடைப்பது சிபிசி-ஏ, அதாவது பயிலுநர் நிலைச் சான்றிதழ். அந்த 'ஏ'வை நீக்க 2 ஆண்டு வேலை அனுபவம் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட 80 மணி நேரப் பயிற்சி இருந்தால் 1 ஆண்டு போதும். ஆகவே என் கருத்து இது: முதலில் வேலையில் சேருங்கள். சான்றிதழ் இல்லாத புதியவர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி தரும் நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இருக்கின்றன. சில நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தையும் திருப்பித் தருகின்றன. ஒரு பிரிவில் கை பழகிய பிறகு தேர்வு எழுதினால் கேள்விகள் அந்நியமாகத் தெரியாது.

பிறகு எங்கே போவது? எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளுக்குக் குறியீடு தரும் ரேடியாலஜி பிரிவு எளிதாகப் பழகும், ஆனால் கணினியே குறியீடு பரிந்துரைக்கும் இந்தக் காலத்தில் அதிலேயே தங்கிவிடாதீர்கள். உள்நோயாளிப் பிரிவுக்கு, அங்கே செய்யும் சிகிச்சைகளுக்கான ஐசிடி-10-பிசிஎஸ் குறியீடுகள் தெரிய வேண்டும். சிஐசி அல்லது சிசிஎஸ் அதற்கான தேர்வுகள். நோயாளியின் நோய்ச் சுமையைக் காப்பீட்டுக்காகக் கணிக்கும் எச்சிசி பிரிவுக்கு சிஆர்சி தேர்வு, பிறர் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் தணிக்கைக்கு சிபிஎம்ஏ தேர்வு. அறுவை சிகிச்சைக் குறிப்புகளை நிதானமாகப் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு குறையாது என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்தத் தேர்வோடும் படிப்பு முடிந்துவிடாது. ஐசிடி ஒவ்வோர் அக்டோபர் 1-லும், சிபிடி ஜனவரி 1-லும் மாறுகின்றன.

பயிற்சி மையத்தில் சேருமுன் ஒன்று கேளுங்கள்: பாடம் நடத்துபவரின் சான்றிதழ் இன்றும் நடப்பில் உள்ளதா? உறுப்பினர் எண் கொடுத்தால் ஏஏபிசி தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண்ணைத் தரத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.