பற்றரிக்கு அசிட் ஊற்றாதீர்கள்!

வலுவிழந்த பற்றரியைக் கண்டவுடன் அசிட் போத்தலைத் தூக்குகிற இந்தப் பழக்கத்தைக் கொழும்புக் கடைக்காரர்கள் எப்போதுதான் விடப்போகிறார்களோ? 2022 மார்ச் மாத முடிவில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டபோது, நான் கைமாற்று வாங்கி வெள்ளவத்தை வீட்டுக்கு எடுத்த 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வேர்ட்டர் பற்றரியை அவர்கள் பத்தே நிமிடத்தில் கொன்றுவிட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் இரண்டு மாதம் நின்றுவிட்டுத் திரும்பியபோது அது சார்ஜ் இறங்கி 11.8 வோல்ட்டில் கிடந்தது. தட்டுகளின் மேல்விளிம்பு நீருக்கு வெளியே வெளிறித் தெரிந்தது. தட்டு மூடுமளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வோட்டர் விட்டு, 5 ஆம்பியரில், இரவிலும் எழுந்து தொட்டுச் சூடு பார்த்து, இரண்டு நாள் சார்ஜ் ஏற்றினேன். அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரில், ஆறு அறைகளில் ஐந்து 1.220ஐத் தாண்டின, ஒன்று மட்டும் 1.170இல் நின்றது. அந்த ஒன்றைச் சோதிப்பதற்காகத்தான் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தை முச்சக்கரவண்டியில் ஏற்றிப் பஞ்சிகாவத்தையில் ஒரு பற்றரிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

பிளேன்ரீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆறு அறைகளிலும் அசிட் ஊற்றி முடித்திருந்தார்கள். "இப்ப பாருங்கோ ஐயா, மீற்றர் நல்லா ஏறிட்டுது" என்றார் முதலாளி. ஏறாமல் என்ன செய்யும்? அசிட்டை ஊற்றினால் அசிட்டின் அடர்த்தி ஏறத்தானே செய்யும்! பற்றரியில் குறைவது தண்ணீர்தான்; அசிட் எங்கும் ஆவியாகிப் போய்விடுவதில்லை. சார்ஜ் இறங்கும்போது அது சல்பேற்றாகத் தட்டில் ஒட்டிக்கொள்கிறது, ஏற்றினால் திரும்பி வருகிறது; நாட்பட்டு இறுகிய படிகம் மட்டுமே திரும்புவதில்லை. அதன்மேல் புது அசிட்டை விட்டால் தட்டைத் தாங்கும் ஈயக் கம்பிச்சட்டம்தான் அரிபடும். எங்களைப்போன்ற வெப்பநாடுகளுக்கென்று அடர்த்தியைக் குறைத்தே, பெரும்பாலும் 1.240 அளவில், நிரப்புகிறார்கள் என்பதைப் பற்றரி விற்பவருக்கு நானா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து, மிகையானதை உறிஞ்சியெடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாதம் அந்த நலிந்த அறை முற்றாகச் செத்து, பற்றரி 10.5 வோல்ட்டுக்கு மேல் ஏற மறுத்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னால், "பழசுதானே ஐயா, ஈய விலைக்குத் தாங்கோ, புதுசு ஒண்டு போடுவம்" என்கிறார், வெட்கமே இல்லாமல்! அது இப்போது பல்கனி மூலையில் கிடக்கிறது. வேறு எவருக்கும் நிறுத்துக் கொடுப்பேன், அந்தக் கடைக்கு மட்டும் கொடுக்கமாட்டேன்.