குழாயில் போகும் தண்ணீர் திரும்பி வருவதில்லை

"நிலக்கரியைத் தண்ணீரில் கலந்து குழாயில் அனுப்பினால் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், தண்ணீர்ச் செலவே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. குழாய் ஒருவழிப் பாதை. நிலக்கரியைச் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே அரைத்து, எடையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக் குழம்பாக்கித்தான் தள்ளுகிறார்கள், அதாவது ஒரு டன் கரியோடு கிட்டத்தட்ட 1,000 லிட்டர் தண்ணீரும் கிளம்பிப் போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு குழாயும் பம்புகளும் வேண்டும்.

அமெரிக்காவின் பிளாக் மேசா குழாயையே பாருங்கள். 1970 முதல் 2005 வரை, அரிசோனாவில் நவாஹோ, ஹோப்பி பழங்குடி மக்களின் நிலத்திலிருந்து நெவாடாவின் மொஹாவி அனல்மின் நிலையத்துக்குச் சுமார் 440 கிலோமீட்டர் ஓடியது. தினமும் சுமார் 1.2 கோடி லிட்டர் நிலத்தடி நீர், அதுவும் அந்த மக்கள் குடிக்கும் அதே நீர்த்தேக்கப் பாறையிலிருந்து, பாலைவனத்தில்!

மறுமுனையில் தண்ணீரைப் பிரித்தெடுத்தது உண்மைதான். சுழலும் இயந்திரத்தில் போட்டுப் பிழிந்தார்கள், கிடைத்த கறுப்புத் தண்ணீர் குளிர்விக்கப் போய் ஆவியானது, மீதி ஈரம் கரியோடே கொதிகலனுக்குள் போனது. அந்த மின்நிலையத்துக்கு அது லாபம். ஆனால் ஹோப்பி கிராமத்து ஊற்றுக்கு ஒரு சொட்டுகூடத் திரும்பவில்லை.

அப்புறம், மின்நிலையத்தின் குளிர்விக்கும் கோபுரங்கள் இதைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும் என்று சொல்லலாம், அதுவும் சரிதான். அதற்காகக் குழாயின் தண்ணீர்ச் செலவைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். எந்த ஊர்த் தண்ணீர் போகிறது என்று முதலில் பாருங்கள்.