"மெசேஜ் போட்டோமே, பார்க்கலையா?"

இந்தக் கேள்வியை என் பிள்ளைகளின் பள்ளியில் இந்த 2025-ஆம் வருஷம் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தில் எத்தனை முறை என்னிடம் கேட்டார்கள் என்று எனக்கே தெரியவில்லை. இனி ஒரு தடவை யாராவது கேட்டால் ஆபீஸ் ரூம் வாசலிலேயே கத்திவிடுவேன் போலிருக்கிறது. அதற்கு முன்னால் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் இரண்டு பிள்ளைகளும் மதுரையில் சிஸ்டர்கள் நடத்தும் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறார்கள். மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒண்ணாம் வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளிதான், பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் பிரிவில் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். நானும் அங்கேதான் படித்தேன், அந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் எனக்கு இந்த எழுத்தே இல்லை. அதனால்தான் வயிறு இன்னும் கூடுதலாக எரிகிறது.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலையில் கடைக்குள் நுழையும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். சாயங்காலம் மறுபடி லாக்கர். கடை அடைத்து, பஸ் பிடித்து விரகனூர் வந்து சேர ஒன்பதரை ஆகும். இது எனக்கு மட்டும் உள்ள கதை இல்லை. மாசி வீதிகளில் கடைக்குக் கடை நிற்கிற பெண்கள் எல்லாருக்கும் இதுதான் நிலைமை, அவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் இப்படிப்பட்ட பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

இப்போது பள்ளி எங்களிடம் பேசும் விதத்தைக் கேளுங்கள். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், பள்ளி முழுக்க ஒரு குரூப், ஃபீஸுக்குத் தனியாக ஒன்று. எல்லாமே அட்மின் மட்டும் பேசுகிற குரூப், நாம் திருப்பி ஒரு சந்தேகம் கேட்க முடியாது. எல்லாம் இங்கிலீஷில். சாய்வாக ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப், அதன் கீழே ஒரு வாய்ஸ் நோட், அதற்குக் கீழே 'கைண்ட்லி டேக் நோட்' என்று ஒரு வரி. வருகிற நேரம் ராத்திரி ஒன்பதே முக்கால், பத்து, சில நாள் பத்தரை. விஷயம் எப்போதும் மறுநாள் காலைக்கு.

மார்ச் 3, திங்கட்கிழமை ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் விட்டு புதன்கிழமை, மார்ச் 5, சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற நாள், நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்துத்தான் அந்தச் சாம்பலை எடுப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் பழைய ஓலையைப் பிள்ளைகள் நாளைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மெசேஜ், மணி 9.52. எங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஓலை செருகியிருந்தது, சரி, எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் மெசேஜ் போனது வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும். என் மகளோடு படிக்கும் பிள்ளை, இரண்டு தெரு தள்ளி வீடு, மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிற குடும்பம். பத்து மணிக்கு அந்த அம்மா போன் போடுகிறது. "அக்கா, குருத்தோலையாம்ல, அது எந்தக் கடையில கிடைக்கும்? இந்நேரத்துல கடை இருக்குமா? கொண்டுபோகலைன்னா மிஸ் திட்டுவாகன்னு பிள்ளை அழுகுது."

படத்துக்குப் பின்னாலிருந்து ஓலையை உருவினேன். ஒரு வருஷம் காய்ந்த ஓலை, தொட்டாலே நொறுங்குகிறது. சிலுவையாக மடித்திருந்ததைப் பிரித்து, நடுவில் கிள்ளி, பாதியை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பினேன். பத்தே கால் மணிக்கு ஆறு வயசுப் பையன் அவன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஓலை கொண்டுபோகிறான். 'கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டும், ஓலை இருந்தால் மட்டும்' என்று தமிழில் ஒரு வரி, ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு குழந்தை அன்றைக்கு அழுதிருக்காது. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரிக்கு என்ன செலவாகிவிடும்?

தவக்கால உண்டியல் இன்னொரு கொடுமை. சாம்பல் புதன் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு அட்டைப் பெட்டி கொடுப்பார்கள், மடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும், நாற்பது நாளும் மிட்டாய்க் காசை அதில் போட வேண்டும், ஏழைகளுக்கு. அருமையான பழக்கம், நானும் சின்ன வயசில் செய்ததுதான். என் மகள் ஜவ்வுமிட்டாய் வாங்காமல், ஐஸ் வாங்காமல், ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகப் போட்டாள். தினமும் தூங்கும் முன் பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் ராத்திரி 10.05க்கு மெசேஜ்: பெட்டியை நாளைக்கே ஒப்படைக்க வேண்டும், உள்ளே எவ்வளவு என்று மேலே எழுதியிருக்க வேண்டும். தூங்கிப்போன பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் நானே பாயில் கொட்டி எண்ணினேன். 87 ரூபாய்.

மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவர் தொகையையும் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். 500 ரூபாய் நோட்டு போட்ட பிள்ளைக்குக் கைதட்டு. பெட்டி கொண்டுவராத நாலு பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். "அம்மா, நாமளும் ஒரு நோட்டு போட்டிருக்கலாமோ?" என்று மகள் கேட்டாள். நாற்பது நாள் மிட்டாயை விட்ட பிள்ளை கேட்கிற கேள்வியா இது? சாம்பல் புதன் பூசையில் வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். தர்மம் செய்யும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஆண்டவர் சொன்ன அதே பகுதி. நெற்றியில் சாம்பல் பூசுகிற அன்றைக்கே அதை வாசித்துவிட்டு, அதே தவக்காலத்தில் பிள்ளைகளின் காசை வகுப்பறையில் ஏலம் போடுகிற மாதிரி வாசிப்பது எந்த ஊர் நியாயம்? நின்ற அந்த நாலு பேரின் அம்மாக்களும் மெசேஜைப் பார்க்காதவர்கள்தான். பெட்டி வீட்டில்தான் இருந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் மன வருத்தம், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஏப்ரலில் நடந்தது.

வெயில் ஏறிப்போச்சு என்று மார்ச் கடைசியில் அரசே ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் முழு ஆண்டுத் தேர்வை முன்னால் கொண்டுவந்தது. ஏப்ரல் 9 முதல் 21 வரை என்று இருந்தது 7 முதல் 17 வரை என்று ஆனது. டிவியில் ஓடியது, பேப்பரில் வந்தது. இதில் பள்ளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். நடுவில் 10-ஆம் தேதி மகாவீர் ஜெயந்தி, 13 குருத்து ஞாயிறு, 14 தமிழ்ப் புத்தாண்டு, கடைசிப் பரீட்சை 17, அன்றைக்குத்தான் பெரிய வியாழன், சாயங்காலம் பாதம் கழுவும் பூசை, மறுநாள் பெரிய வெள்ளி, 20 ஈஸ்டர். விடுமுறையும் பரீட்சையும் பாட்டுப் பயிற்சியும் கலந்து கிடக்கிற இந்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு தாள் போதும். எந்த நாள் பள்ளி உண்டு, எந்த நாள் இல்லை, எத்தனை மணிக்கு விடுவார்கள். ஒரு தாள்! எங்களுக்கு வந்தது பதினோரு மெசேஜ், அதில் மூன்று முந்தைய மெசேஜைத் திருத்துகிற மெசேஜ்.

தேர்வு தொடங்கிய மூன்றாம் நாள், புதன்கிழமை. நான் கடையில், போன் லாக்கரில். காலை 11.10க்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, இன்று 12.30க்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று. வேன் அண்ணன் அந்தக் குரூப்பில் கிடையாது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. என் மாமியாருக்கு பட்டன் போன். எனக்குச் சாப்பாட்டு நேரம் இரண்டு மணிக்கு. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு போனை எடுத்தால் அந்த மெசேஜ். அதற்கு மேல் சோறு இறங்குமா? சூப்பர்வைசரிடம் சொன்னேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, ஷேர் ஆட்டோவில் ஏறியதுதான் தெரியும்.

கேட் பக்கத்தில் வாட்ச்மேன் அண்ணனின் ஸ்டூல். அதில் என் மகன், பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அக்கா, நின்றுகொண்டே, தன் தொப்பியைக் கழற்றித் தம்பி தலையில் வைத்திருக்கிறாள். மதுரையில் ஏப்ரல் மத்தியானம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்து, உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வாட்ச்மேன் அண்ணன் தன் பாட்டில் தண்ணியைக் கொடுத்து, தன் சாப்பாட்டில் பாதியை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும். என்னைப் பார்த்ததும் மகன் அழவில்லை. "அம்மா, நான் பரீட்சை ஒழுங்கா எழுதினேன்மா" என்றான். தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் யாரும் கூப்பிட வரவில்லை என்று நினைத்திருக்கிறான். ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆறு வயசுப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆபீஸ் ரூமுக்குப் போனேன். "மெசேஜ் போட்டோமே, பார்க்கலையா?"

போட்டீர்கள். யார் இல்லை என்றது? போடுவதும் சொல்வதும் ஒன்றா? என் கையில் போன் இல்லாத நேரத்தில், எனக்குப் பாதி புரிகிற மொழியில், நான் பதில் கேட்க முடியாத இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, அதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது என்றால், நான் பார்க்காததற்கு வெயிலில் நிற்க வேண்டியது என் பிள்ளையா?

நான் படித்த காலத்தில், தொண்ணூறுகளில், இதே பள்ளியில் சைக்ளோஸ்டைல் எடுத்த ஒரு தாள் கொடுப்பார்கள், தமிழில். கீழே புள்ளி புள்ளியாக ஒரு கோடு, அதற்குக் கீழே 'பெற்றோர் கையொப்பம்'. அந்தத் துண்டைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மிஸ் பெயருக்கு நேரே டிக் அடிப்பார். துண்டு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சேதி போகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார். எங்க அப்பாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைப்பார், அதற்கும் டிக் உண்டு. இப்போதும் வருஷா வருஷம் ஸ்கூல் டைரிக்குக் காசு வாங்குகிறார்கள். மகளின் டைரியைப் புரட்டினேன். 'பெற்றோருக்கு அறிவிப்பு' என்று இருக்கிற பக்கங்களில் ஜூலைக்குப் பிறகு ஒரு வரி கிடையாது.

இங்கிலீஷ் மீடியம் என்றால் அறிவிப்பும் இங்கிலீஷில்தான் என்கிறார்கள். படிப்பது பிள்ளை, அறிவிப்பு எனக்கு! 1606-இல் இதே மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சாமியார், இத்தாலிக்காரர், இங்குள்ளவர்களிடம் இத்தாலி மொழியிலா பேசினார்? தமிழைப் படித்து, தத்துவ போதகர் என்று பேரே எடுத்து, தமிழிலேயே எழுதிக் குவித்தார். என் மாமியார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூசை லத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று சொல்வார், ஜனங்கள் புரியாமலே ஜெபமாலை உருட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று இன்னும் சொல்வார். உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடி 1962 முதல் 65 வரை நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவெடுத்த பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. ஆண்டவரின் பூசையையே எங்களுக்குப் புரிகிற மொழிக்குக் கொண்டுவந்த திருச்சபை, நாளைக்கு அரை நாள் பள்ளி என்பதை எங்கள் மொழியில் சொல்லக் கூடாதா?

மிஸ்மார்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கே ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மேலிருந்து வருகிறதாம். அவர்கள் வீட்டிலும் அடுப்பும் பிள்ளையும் இருக்கிறது. ஒண்ணாம் வகுப்பு மிஸ் அந்தப் புதன்கிழமை விஷயம் தெரிந்து மறுநாள் என் வீட்டுக்குப் போன் போட்டு அழுதார். தப்பு அவருடையதும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு வாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதை யாரும் யோசிப்பதில்லை, அதுதான்.

பள்ளி ஜூன் 2 திறக்கிறது. அதற்குள் புத்தகப் பணம், யூனிஃபார்ம் அளவு, வேன் பணம், மகள் முதல் முறை நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மை வகுப்பு என்று மெசேஜ் வரிசையாக வரும். நான் ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு ஒரு தாள், தமிழில், கையெழுத்துத் துண்டோடு. பள்ளி நேரம் மாறினால் முந்தின நாளே டைரியில் எழுதி அனுப்ப வேண்டும். வேன்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். கூப்பிட ஆள் வராத பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே விடக்கூடாது, வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட வேண்டும். கடையில் வேலை பார்க்கிற ஆறு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஓலை கேட்டுப் போன் போட்ட அந்தத் தங்கச்சிதான் முதல் கையெழுத்து. திங்கட்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். நேரில் போய், ஹெச்.எம். சிஸ்டர் கையில் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் வருவேன்.