'எதற்கும் லாயக்கில்லை' என்ற வரியை டைப் அடித்தபோது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. பட்டா மனு, பயோடேட்டா, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி என்று அடிக்காதது ஒன்றும் பாக்கியில்லை. விரல் பாட்டுக்கு ஓடும், மனசு வீட்டு அடுப்படியில் இருக்கும். போன பங்குனியில்தான் முதல்முறையாக விரல் நின்றது. பாண்டிச்சேரியில் எம்.எட். படிக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வளரிளம் பருவத்தினரின் தன்மதிப்பு பற்றியது. 140 பக்கம்.

பின்னிணைப்பில் ஒரு கேள்வித்தாள். மொத்தம் 10 வரி. ஐந்து வரி நல்லதாகப் பேசும், ஐந்து வரி கெட்டதாகப் பேசும். ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறோமா இல்லையா என்று நாலில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அமெரிக்காவில் மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் 1965இல் வெளியிட்டது, இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்களாம். அதில் ஒரு வரி, 'சில சமயம் நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது'. இந்த வரியில்தான் விரல் நின்றது. பையன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு பிரதி எடுத்து நானே டிக் அடித்துப் பார்த்தேன். மார்க் எவ்வளவு என்று இங்கே சொல்லப்போவதில்லை.

அதற்கப்புறம் அவனைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். பாவம், பக்கத்துக்கு ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டதால் பொறுத்துக்கொண்டான்.

ரோசன்பர்க் நியூயார்க் மாநிலத்தில் 10 பள்ளிகளில் 5,024 பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தன்மதிப்பு கூடுதலாக இருக்கும் என்று நீங்களும் நானும் நினைப்போம். வசதிக்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்கிறது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. வேறு சில சின்ன விஷயங்கள்தான் பெரிதாகத் தெரிந்தன. உன் சிநேகிதர்களை உன் அம்மாவுக்குத் தெரியுமா? சாப்பிடும்போது வீட்டில் நடக்கும் பேச்சில் நீயும் கலந்துகொள்வாயா? மார்க் அட்டையைக் கொடுத்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியின் முடிவைத்தான் நான் இரண்டு தரம் படித்தேன். மார்க் குறைந்தால் திட்டுகிற வீட்டுப் பிள்ளைகளை விடவும், மார்க் அட்டையை ஏறிட்டுக்கூடப் பார்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தன்மதிப்பு குறைவாக இருந்திருக்கிறது.

திட்டுவது நல்லது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டு பெல்ட்டைத் தேடாதீர்கள். நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கண்டுக்காம விடுறது. 'அவன் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கிறான்' என்று சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதே, அந்த வலியைத்தான் அந்த மனுஷர் 5,024 தாளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அன்றிரவு என்னை நானே சோதித்துக்கொண்டேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய இப்போதைய வகுப்பில் அவளுடைய சிநேகிதிகள் யார்? ஐந்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் பெயரெல்லாம் கடகடவென்று வந்தது. இப்போது இருப்பவர்களில் ஒரு பெயர்கூட வரவில்லை. அவளைப் போய்க் கேட்டேன். 'யாரும் இல்லம்மா' என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

கொஞ்சம் பின்னால் போகிறேன். பத்தாம் வகுப்பு வரை அவள் படித்தது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பள்ளி. அங்கே முதல் மூன்று ரேங்குக்குள் இருப்பாள். நல்ல மார்க் வந்ததும் எல்லோரும் சொன்னார்கள் என்று பெயர்பெற்ற ஒரு பள்ளியில் சேர்த்தோம். நகையை அடகு வைத்துத்தான். அங்கே மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து, மேலே இருப்பவர்களை ஒரு தனி பேட்ச் ஆக்கிவிடுகிறார்கள். அதில் இவளுக்கு இடம் கிடைத்தது என்று தெருவுக்கே லட்டு கொடுத்தேன். முதல் தேர்வில் 31வது ரேங்க். அவளுடைய மார்க் முன்பு வாங்கியதற்கு ஒன்றும் குறையவில்லை, இதைக் கவனியுங்கள். அதே பிள்ளை, அதே மூளை. ஆனால் 'எனக்குக் கணக்கு வராதும்மா' என்று சொல்ல ஆரம்பித்தாள்.

இதற்கு ஆய்வாளர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஆய்வேட்டில்தான் தெரிந்துகொண்டேன். சின்னக் குளத்துப் பெரிய மீன். ஹெர்பர்ட் மார்ஷ் என்பவர் 1980களிலிருந்து இதைச் சொல்லி வருகிறார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிக்கிற பிள்ளை தன்னை மட்டமாக எடை போட்டுக்கொள்கிறது. 2003இல் வந்த ஒரு கட்டுரையில் 26 நாடுகளில் 1,03,558 மாணவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு அளவு மாறினாலும் விஷயம் அதேதான். கெடிலம் ஆற்றில் ராஜாவாகத் திரிந்த கெண்டையைத் தேவனாம்பட்டினம் கடலில் கொண்டுபோய் விட்ட கதை.

நல்ல பள்ளியில் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் வாத்தியார்கள், பழக்கவழக்கம், அதெல்லாம் வேறு கணக்கு. ஆனால் பதினாறு வயசுப் பிள்ளைகளை மார்க்கால் சலித்துச் சலித்துத் தனித்தனி டப்பாவில் போடுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எந்த ஃபீஸ் ரசீதிலும் வராது. மேல் டப்பாவில் இருப்பவளுக்கும் அந்த விலை உண்டு என்பது லட்டு கொடுத்த அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை, அதே பள்ளி பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பும் வைத்தது. தலைக்கு 500 ரூபாய். கோட் போட்ட ஒருவர் வந்து, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் சிறந்தவள், நான் அன்புக்குரியவள்' என்று சொல்லச் சொன்னாராம். மகள் மூன்று நாள் சொல்லிப் பார்த்தாள். நாலாம் நாள் 'கண்ணாடியில இருக்கிறவ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாம்மா' என்று விட்டுவிட்டாள்.

அவள் பேரில் தப்பில்லை. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் 2009இல் இதையே சோதித்திருக்கிறார். 'நான் அன்புக்குரியவள்' என்கிற மாதிரி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததில், ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்லதாக இருந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு முன்னைவிட மோசமானது. உள்ளே ஒரு குரல் 'அப்படியா?' என்று கேட்கும்தானே. யாருக்கு மருந்து வேண்டுமோ அவருக்கே அது ஒவ்வாமை.

500 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை. கலிஃபோர்னியாவில் அரசாங்கமே ஏமாந்திருக்கிறது. 1986இல் ஜான் வாஸ்கான்செல்லோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர், மக்களின் தன்மதிப்பை ஏற்றிவிட்டால் குற்றம், போதை, படிப்பில் பின்தங்கல் எல்லாம் குறையும் என்று சொல்லி ஒரு குழுவே அமைக்க வைத்தார். மூன்று வருஷத்துக்கு 7,35,000 டாலர். 1990இல் அறிக்கை வந்தது, பள்ளிக்கூடமெல்லாம் 'நீ தனித்துவமானவன்' என்று பாட ஆரம்பித்தது. 2003இல் ராய் பாமைஸ்டர் முதலிய நான்கு பேர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, தன்மதிப்பை ஏற்றினால் மார்க் ஏறும் என்பதற்குச் சரியான ஆதாரமில்லை, நன்றாகப் படிப்பதால்தான் தன்மதிப்பு ஓரளவுக்கு வருகிறது என்கிற மாதிரி எழுதினார்கள். அது உயர்வாக இருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதை மட்டும் அவர்களும் மறுக்கவில்லை.

'எம்புள்ள மாதிரி உண்டா' கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. (நானும் அதில் உறுப்பினர்தான், என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.) நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுள்ள 565 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. மற்ற பிள்ளைகளைவிட என் பிள்ளை உசத்தி என்று நினைக்கிற பெற்றோரின் பிள்ளைகளிடம் பின்னால் தற்பெருமை கூடியது. அன்பைக் காட்டுகிற பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடியது. இரண்டும் ஒன்றென்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம், சொல். ஆம்பிளைப் பிள்ளை நிமிர்ந்து பேசினால் தன்மானம், பொம்பளைப் பிள்ளை பேசினால் திமிர். சுயமரியாதை என்ற சொல்லையே இயக்கத்தின் பெயராக வைத்து 1925இலேயே பேச ஆரம்பித்த மாநிலம் இது. அந்தப் பெரியார் மேல் எங்கள் கடலூரில்தான் செருப்பு வீசினார்கள். ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவர், ஒற்றைச் செருப்பு யாருக்கு உதவும் என்று வண்டியைத் திருப்பி இன்னொன்றையும் வாங்கப் போனார் என்று என் தாத்தா சொல்வார். அந்த இடத்தில் பின்னால் சிலையும் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் அம்மா ஐம்பது வயசு வரை, யார் எதைக் கேட்டாலும் 'எனக்கு என்னா தெரியும், அவரைக் கேளுங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2018இல் உல்ரிக் ஆர்த் முதலானோர் 331 மாதிரிகள், 1,64,868 பேர் பற்றிய தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு நாலு வயசிலிருந்து பதினொன்று வரை ஏறுகிறது, பதினைந்து வரை அப்படியே நிற்கிறது, முப்பது வரை வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் ஏறி 60 வயசில் உச்சத்துக்குப் போகிறது. எழுபது வரை இறங்குவதே இல்லையாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு 64. அப்பா போன பிறகு மகளிர் குழுவில் சேர்ந்து, கையெழுத்துப் போடக் கற்று, இப்போது குழுவின் கணக்கு நோட்டே அவளிடம்தான். போன மாதம் வங்கியில் ஒருவர் 'பாட்டி, தள்ளி நில்லுங்க' என்று சொல்ல, 'தலைவின்னு சொல்லுங்க தம்பி' என்றாளாம். கண்ணாடி முன் நின்று எதையும் சொல்லிக்கொண்டவள் இல்லை அவள். பன்னிரண்டு பெண்கள் வாராவாரம் அவளிடம் பணத்தை நம்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. உறவு நன்றாக இருந்தால் தன்மதிப்பு கூடுகிறது, தன்மதிப்பு கூடினால் உறவு நன்றாகிறது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகிறது என்று 52 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் இதே ஆர்த்தும் மிஷெல் ஹாரிஸும் எழுதியிருக்கிறார்கள். வீட்டிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை நான்தான் பார்க்கவில்லை.

பிறவியிலேயே ஒரு பங்கு வருகிறது என்றும் இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கட்டும். அந்தப் பங்கில் நான் செய்ய ஒன்றுமில்லை, மிச்சப் பங்குதான் என் கவலை.

மகள் விஷயத்தில் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பேட்ச் மாற்றச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். ராத்திரி சாப்பிடும்போது டி.வி.யை அணைக்கிறோம். முதல் வாரம் மூன்று பேரும் ரசத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். இப்போது பேசுகிறாள். கணக்கு இன்னும் வராது என்றுதான் சொல்கிறாள், ஆனால் பின் பெஞ்சில் பண்ருட்டியிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கும் வரவில்லையாம். அவள் பெயர் எனக்கு இப்போது தெரியும்.

அப்புறம் கடையில் ஒன்று. திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள், காலை எட்டு மணியிலிருந்தே மனு அடிக்கக் கூட்டம். என் கம்ப்யூட்டரில் பதினேழு வருஷமாக ஒரே மாதிரிதான்: 'ஏழை எளியவளும் ஆதரவற்றவளுமாகிய நான் தங்கள் பாதம் பணிந்து...' பெயரையும் ஊரையும் மாற்றி எல்லோருக்கும் இதையேதான் அடிப்பேன். போன வாரம் முதுநகர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தது, மீன் கூடை சுமக்கிற அம்மா, வீட்டு மனைப் பட்டா விஷயம். அடித்து முடித்துப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

'அந்த ஏழை எளியவங்கிறது, பாதம் பணிந்துங்கிறது, அதெல்லாம் எதுக்கும்மா? இடம் எங்களுது, கேக்கப் போறோம். எடுத்துடேன்.'

எடுத்தேன். மனு நாலு வரி குறைந்து ஒரே பக்கத்தில் அடங்கியது. அந்த அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து, 'அழிச்சதுக்குத் தனியா ஏதாவது தரணுமா?' என்று கேட்டது.